இரண்டு எசமானர்: சாமுவேல் ஷார்ப்பும் அவரது விசுவாசமும்

அடிமை முறையை ஒழித்தவர் யார் என்று நம் பாடசாலை மாணவரொருவரை வினவினால், வில்பர்போர்ஸ் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை பிழையன்று, ஆயின் அது பாதி விடை மட்டுமே. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பல்லாண்டு காலம் அடிமை வாணிகத்துக்கெதிராக வாதாடிய அம்மனிதாபிமானியின் பெயர் நூல்களில் நிலைபெற்றது நியாயமானதே. அவர் 1833 யூலையில் இலண்டனில் காலமானார். அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன்னர், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமேய்க்காவின் மொன்டீகோ பே நகரச் சந்தைவெளியில் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். அடிமை முறையின் முடிவை விரைவுபடுத்தியவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் அவர் பெயர் நம் வகுப்பறைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவர் சாமுவேல் ஷார்ப். பிறப்பால் அடிமை, பதவியால் பப்திஸ்த சபையின் டீக்கன்.

டீக்கன் என்பது திருச்சபைப் பதவிகளுள் எளிய ஒன்று. பணிவிடை செய்பவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த அதனைத் தமிழ் வேதாகமம் 'உதவிக்காரர்' என்று பெயர்த்துள்ளது. நோயுற்றோரைப் பார்ப்பது, செபக்கூட்டம் நடத்துவது, புதிதாகச் சேர்ந்தோருக்குப் போதிப்பது, வழி தவறியோரைக் கண்டிப்பது போன்றவையே அப்பதவிக்குரிய கடமைகள். சட்டத்தின் பார்வையில் ஆடுமாடுகளோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு மனிதர், இச்சிறு பதவியின் துணைகொண்டு பல்லாயிரம் உழைப்பாளரை ஒரே நாளில் வேலை மறுப்புக்கு ஆயத்தஞ்செய்தது எங்ஙனம்? அவருடைய சமய நம்பிக்கை அவருக்கு விலங்காக அமைந்ததா, விலங்கை உடைக்கும் கருவியாக அமைந்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, அத்தீவின் சமுதாய அமைப்பையும் அங்கே கிறித்தவம் வேரூன்றிய வரலாற்றையும் முதலில் நோக்குதல் வேண்டும்.

1655இல் ஸ்பானியரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய ஜமேய்க்கா, பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்தம் பேரரசுக்குப் பெருஞ்செல்வம் ஈட்டிக்கொடுத்த சீனித் தீவாக விளங்கிற்று. 1830ஐ அண்டிய காலத்தில் அங்கே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தனர். வெள்ளையரோ மொத்தச் சனத்தொகையில் பத்திலொரு பங்கினர்தாமும் இலர். தோட்டச் சொந்தக்காரர் பலர் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். அவர்தம் முகவரும் கண்காணிகளும் சவுக்கின் துணையுடன் தோட்டங்களை நடத்தினர். கரும்பு வெட்டும் பருவத்தில் பகலெல்லாம் வயலிலே பாடுபட்டவர்கள், இரவில் முறைவைத்து ஆலையிலும் சீனி காய்ச்சும் சாலையிலும் உழைத்தனர். 1807ஆம் ஆண்டுச் சட்டம் ஆபிரிக்காவிலிருந்து மனிதரைக் கொண்டுவந்து விற்கும் வாணிகத்தையே தடுத்தது. ஏற்கெனவே தீவில் இருந்தோரின் நிலையை அது தொடவில்லை. அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்த பிள்ளை எசமானின் உடைமையாகவே தொடர்ந்தது.

இத்தகைய தீவுக்குப் பப்திஸ்தக் கொள்கையைக் கொண்டுவந்தவர் வெள்ளை மிஷனரி அல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜோர்ஜ் லைல் என்பவர், அமெரிக்க சுதந்திரப் போரின் முடிவில், 1783இல், கிங்ஸ்டன் நகருக்கு வந்து போதிக்கலானார். அவரைத் தொடர்ந்து மோசஸ் பேக்கர் மேற்குப் பகுதித் தோட்டங்களிலே சபைகளை வளர்த்தார். பிரித்தானிய பப்திஸ்த மிஷனரிச் சங்கம் தன் முதல் ஊழியரை அங்கு அனுப்பியது 1814இலேதான். இதே சங்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சேட்டர் அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1812இல், கொழும்பில் வந்திறங்கினார் என்பதை நம் வாசகர் அறிந்திருப்பர். இலங்கையில் மிஷனரியே சபையைத் தொடக்கினார். ஜமேய்க்காவிலோ, கறுப்பர் தாமே கட்டிவைத்திருந்த சபையின் வாயிலுக்கு மிஷனரி பின்னர் வந்து சேர்ந்தார். இவ்வேறுபாடு பின்னிகழ்ந்த யாவற்றையும் விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

அரசியலில் தலையிடலாகாது, எசமானுக்குக் கீழ்ப்படியுமாறு அடிமைக்குப் போதித்தல் வேண்டும் என்பதே மிஷனரிமாருக்கு இடப்பட்டிருந்த கட்டளை. ஆனால் ஒரு மிஷனரி பல நூறு சபையாரைத் தனியே மேய்த்தல் இயலாது. ஆகவே சபையார் சிறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். அங்கத்தவருக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தலைவர்களும் டீக்கன்மாரும் பெரும்பாலும் அடிமைகளே. தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லவும், இரவிற் கூடவும், ஒருவரையொருவர் நம்பவும், ஒரு சொல்லைக் கேட்டு ஒன்றாக நடக்கவும் இவ்வமைப்பு மக்களைப் பழக்கிற்று. தொழிற்சங்கம் என்ற சொல்லையே அறியாத ஒரு மக்கட் கூட்டத்துக்குத் தொழிற்சங்கத்தின் எலும்புக்கூட்டைத் திருச்சபை தன்னையறியாமலே அமைத்துக் கொடுத்தது எனலாம். மிஷனரிமார் கண்ணுக்கெட்டாத இடங்களில், லைலும் பேக்கரும் விதைத்த மரபில், சுதேச பப்திஸ்தக் குழுக்கள் தனித்தும் இயங்கின.

இவ்விரு உலகங்களிலும் ஒருங்கே கால் பதித்து நின்றவர் ஷார்ப். மொன்டீகோ பேயில் தோமஸ் பேர்செல் என்னும் மிஷனரியின் சபையில் அவர் டீக்கன். சுதேச பப்திஸ்தரிடையே அவர் 'டாடி' ஷார்ப், அதாவது தந்தை. அவருடைய பெயரே அவருக்குரியதன்று. அவரைச் சொந்தமாகக் கொண்டிருந்த சட்டத்தரணியின் பெயர் அது. நகரத்து வீட்டில் பணிபுரிந்தமையால் வயற்காட்டின் கொடுமையை அவர் நேரில் அனுபவித்தது குறைவு. எழுத்தறிவு பெற்றிருந்தார், நடமாடுவதற்கு ஓரளவு சுதந்திரமும் பெற்றிருந்தார். அவரைச் சிறையில் பலமுறை சந்தித்த மெதடிஸ்த மிஷனரி ஹென்றி பிளெபி, அவருடைய நாவன்மையையும் கேட்போர் உள்ளத்தை ஆட்கொள்ளும் ஆற்றலையும் வியந்து எழுதியுள்ளார். தம் வசதியைப் பேணி அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கக்கூடிய ஒருவர், மிகக் கீழே கிடந்தோரின் விடுதலையைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்.

ஷார்ப் இரண்டு வகை எழுத்துகளை வாசித்தார். ஒன்று செய்தித்தாள், மற்றொன்று வேதாகமம். செய்தித்தாள்கள் வாயிலாக, இங்கிலாந்தில் அடிமை ஒழிப்பு இயக்கம் வலுப்பெறுவதையும், அதனால் வெகுண்ட தோட்டச் சொந்தக்காரர் 1831இல் ஊர்தோறும் கூட்டங்கூடி, பிரித்தானிய ஆட்சியிலிருந்து விலகிவிடுவோம் என்று பயமுறுத்துவதையும் அறிந்தார். எசமானர் கோபாவேசத்துடன் பேசியவற்றை மேசையருகில் நின்று பரிமாறிய அடிமைகள் செவிமடுத்தனர். அரசர் விடுதலையை வழங்கிவிட்டார், துரைமாரே அதனை மறைத்து வைத்துள்ளனர் என்ற வதந்தி தோட்டமெங்கும் பரவிற்று. வேதாகமத்திலோ, ஒருவன் இரு எசமானருக்குப் பணிசெய்தல் இயலாது என்னும் கருத்துள்ள மத்தேயு சுவிசேஷ வசனத்தை ஷார்ப் பற்றிக்கொண்டார். போதகர் அவ்வசனத்தைக் கடவுளையும் செல்வத்தையும் பற்றியதாக விளக்குவார். அடிமை வாசித்தபோது அது வேறு பொருள் தந்தது. என் எசமான் கடவுளாயின், தோட்டத்துரை என் எசமானாதல் எங்ஙனம்? மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவராயின், ஒருவரை மற்றொருவர் உடைமையாக வைத்திருப்பதற்கு ஏது உரிமை? வசனத்தின் ஓரெழுத்தும் மாறவில்லை. வாசித்தவரின் நிலை மாறியிருந்தது.

ரிட்ரீவ் என்னும் தோட்டத்தில் நடைபெற்ற இரகசியக் கூட்டமொன்றைப் பற்றி, அதிற் கலந்துகொண்ட ஒருவர் கூறியதைப் பிளெபி பதிந்து வைத்துள்ளார். செபக்கூட்டம் முடிந்து மற்றையோர் கலைந்தபின் தெரிந்தெடுக்கப்பட்ட சிலர் மட்டும் எஞ்சியிருந்தனர். சுவருக்கு வெளியே கேட்காவண்ணம் ஷார்ப் தாழ்ந்த குரலிற் பேசினார். அடிமை முறையின் அநீதிகளையும், மனிதரின் இயல்பான சமத்துவத்தையும், ஒன்றுபட்டு நின்றாலன்றி விடுதலை கிட்டாது என்பதையும் எடுத்துரைத்தார். பின்னர் வேதாகமத்தின்மீது கைவைத்துச் சத்தியஞ்செய்தனர். நத்தார் விடுமுறை முடிந்ததும் எவரும் வேலைக்குத் திரும்புவதில்லை. கூலி கொடுத்தால் மட்டுமே உழைப்பது. இதுவே அவர்கள் செய்துகொண்ட உடன்பாடு. உலகத் தொழிலாளர் வரலாற்றில் இது பெரியதொரு பொதுவேலை நிறுத்தத் திட்டம். அதனை வகுத்தவர்கள் கூலி என்பதையே பெற்றறியாதவர்கள்.

திட்டம் வகுத்தபடி நிகழ்ச்சிகள் நடந்தேறவில்லை. 1831 டிசம்பர் 27ஆம் நாள் சோல்டர்ஸ் ஹில் என்னுமிடத்தில் புதிய ஆலயத் திறப்பு நடைபெற்றது. அங்கே வந்த மிஷனரி வில்லியம் நிப், அரசர் விடுதலை வழங்கியதாகக் கூறப்படுவது பொய் என்று மக்களிடம் எடுத்துரைத்தார். கேட்டோர் அதனை விரும்பவில்லை. அன்றிரவே சென் ஜேம்ஸ் பகுதியில் மலைமேல் அமைந்திருந்த கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றி எரிந்தது. அதனைக் கண்டு குன்றுக்குக் குன்று தீ மூண்டது. ஷார்ப்பின் துணைவர்களில் சிலர் ஏற்கெனவே படையணி வகுத்திருந்தனர். டிசம்பர் 29இல் மொன்பெலியர் தோட்டத்தில் அவ்வணி தீவின் தொண்டர் படையைப் பின்வாங்கச் செய்தது. எழுச்சியில் கலந்துகொண்டோர் 20,000 முதல் 60,000 வரை எனப் பலவாறு கணிக்கப்படுகின்றனர். ஆயினும் துப்பாக்கி குறைந்த அடிமைகள் சேர். வில்லோபி கொட்டனின் தலைமையில் வந்த படைக்கு முன்னால் நெடுநாள் தாக்குப்பிடித்தல் இயலவில்லை. 1832 சனவரி முடிவதற்குள் எழுச்சி அடங்கிற்று.

எழுச்சியின்போது கொல்லப்பட்ட வெள்ளையர் 14 பேர். மோதல்களில் மாண்ட அடிமைகள் 200க்கு மேற்பட்டோர்; அதன் பின்னர் இராணுவ நீதிமன்றங்களும் குடிசார் நீதிமன்றங்களும் கொன்றவர்கள் 300க்கு மேற்பட்டோர். சந்தைவெளித் தூக்குமரம் ஓய்வின்றி இயங்கிற்று. தோட்டச் சொந்தக்காரர் இழந்த சொத்தின் மதிப்பு 10 இலட்சம் பவுணுக்கு மேற்பட்டது. எரிந்த கட்டடங்களுக்கும், இறந்த வெள்ளையருக்கும், கொல்லப்பட்ட அடிமைகளுக்கும் உள்ள இவ்விகிதமே எவர் கையில் வன்முறை வாழ்ந்தது என்பதைக் காட்டப் போதுமானது. தலைமுறை தலைமுறையாகச் சவுக்கடி பட்டவர்கள், பழிவாங்க வாய்ப்புக் கிடைத்தபோதும் பெரும்பாலும் சீனிச் சாலையையும் கரும்பையுமே தாக்கினர். மனிதரைத் தேடிக் கொல்லவில்லை.

எனினும் இவ்வெழுச்சியின் குறைபாடுகளை மறைத்து வீரகாவியம் பாடுதல் வரலாற்றாசிரியர் பணியன்று. அமைதியான வேலை மறுப்பையே தாம் நாடியதாக ஷார்ப் இறுதிவரை கூறினார். சிந்திய இரத்தத்துக்காக வருந்தினார். ஆயின் அவருடைய துணைவர் சிலர் ஆயுதப் போருக்கும் ஆயத்தமாயிருந்தனர். வேலைநிறுத்தமா, போரா என்பது தெளிவுறத் தீர்க்கப்படாத நிலையிலேயே தீ மூண்டது. தூரத்திலுள்ள அரசர் தம் பக்கம் நிற்கிறார் என்ற நம்பிக்கை பொய்த்தது. அந்த அரசரின் படையே அவர்களைச் சுட்டது. முன்னொரு காலத்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைகளில் குடியேறிய மரூன் மக்கள், ஆட்சியாளரோடு 1739இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்கமைய அரசின் பக்கம் நின்றனர். ஒடுக்கப்பட்டோரைப் பிரித்து வைத்தல் ஆட்சிக் கலையின் பழைய பாடம் என்பது இங்கும் புலனாகிறது.

ஷார்ப் 1832 ஏப்ரலில் விசாரிக்கப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பெற்றார். அடிமையாய் வாழ்வதினும் தூக்குமரத்தில் மடிவதையே தாம் விரும்புவதாகச் சிறையில் பிளெபியிடம் கூறினார். மே 23ஆம் நாள், எசமானரின் குடும்பப் பெண்கள் தைத்துக்கொடுத்த புதிய வெண்ணிற ஆடை அணிந்து தூக்குமேடைக்கு நடந்தார். மிஷனரிமாருக்கும் இவ்வெழுச்சிக்கும் தொடர்பில்லை என்று கூடியிருந்தோர் முன்னிலையில் சான்றுரைத்தார், செபித்தார், இறந்தார். அவரைக் கொன்றதனால் ஏற்பட்ட நட்டத்துக்காக அவருடைய எசமானருக்கு அரசு 16 பவுண் 10 சிலிங் கொடுத்தது. அக்கணக்கில் ஷார்ப் ஓர் இழந்த பொருள் மட்டுமே. கடற்கரை மணலில் புதைக்கப்பட்ட அவருடைய எச்சங்களைச் சபையார் பின்னர் அகழ்ந்தெடுத்து, அவர் டீக்கனாயிருந்த சபையின் ஆலயத்திலே, பிரசங்க மேடையின் கீழ் அடக்கஞ்செய்தனர்.

டீக்கன் இறந்ததோடு விடயம் முடிந்துவிடும் என்று எண்ணிய தோட்டச் சொந்தக்காரர், தம் செயலாலேயே தமக்குக் குழி பறித்தனர். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குரு ஜோர்ஜ் வில்சன் பிரிட்ஜஸ் என்பவரை முன்னணியிற் கொண்டு 'குடியேற்றத் திருச்சபை ஐக்கியம்' என்றொரு அமைப்பை 1832 சனவரியில் நிறுவினர். அவ்வமைப்பினரும் அவர்தம் கூட்டாளிகளும் பப்திஸ்த, மெதடிஸ்த ஆலயங்கள் பத்துக்கு மேற்பட்டவற்றை இடித்தும் எரித்தும் நாசமாக்கினர். ஒரே வேதாகமத்தைக் கையிற்கொண்ட இரு திருச்சபைகள், அடிமை முறையின் இரு புறத்திலும் எதிரெதிராக நிற்கலாயின. அதுவரை நடுவுநிலை பேணிய மிஷனரிமாருக்கு நடுவில் நிற்க இடமில்லாது போயிற்று. நிப் இங்கிலாந்து சென்று, அடிமை முறை உடனடியாக ஒழிக்கப்படல் வேண்டும் என்று ஊரூராகப் பேசினார். பாராளுமன்றத் தெரிவுக்குழுக்களின் முன் சாட்சியமளித்தார். மிஷனரி டீக்கனுக்குக் கற்பித்தது உண்மை. ஆனால் மிஷனரிக்கு அரசியல் கற்பித்தவர் டீக்கனே.

1833 ஓகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. 1834 ஓகஸ்ட் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 'பயிலுநர் முறை' என்ற பெயரிலே கட்டாய உழைப்பை மேலும் நான்காண்டுகள் நீட்டித்தது. 1838 ஓகஸ்ட் முதலாம் நாளன்றே முழு விடுதலை கிட்டியது. எசமானருக்கு 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. அடிமைகளுக்கு ஒரு சதமும் இல்லை. அதற்காகப் பிரித்தானிய அரசு பெற்ற கடன் 2015இலேதான் தீர்ந்தது என்பதை எண்ணுமிடத்து, இவ்வரலாறு எவ்வளவு அண்மையானது என்பது தெளிவாகும். சீனிப் பொருளாதாரத்தின் வீழ்ச்சியும் கைத்தொழில் முதலாளித்துவத்தின் எழுச்சியுமே அடிமை முறையின் அடித்தளத்தைத் தகர்த்தன என்று எரிக் வில்லியம்ஸ் 1944இல் வாதிட்டார். ஆனால் அவரே தம் நூலின் இறுதிப் பகுதியில், அடிமைகளின் கிளர்ச்சிகளையும் ஒரு காரணியாக எடுத்துக்காட்டத் தவறவில்லை. பொருளாதாரம் கதவைத் தளர்த்தியிருக்கலாம். அதனை உட்புறமிருந்து தள்ளியவர்கள் அடிமைகளே.

இவ்விடத்தில் நம் நாட்டின் நினைவு எழுதல் இயல்பே. விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களை விட்டு நீங்கவே, மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி உற்பத்தி குன்றிற்று. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் தீர்வையைச் சமப்படுத்திற்று. ஜமேய்க்காவில் கோப்பிச் செய்கை பயின்ற ரொபர்ட் போய்ட் டைட்லர் என்னும் துரை 1837இல் இலங்கைக்கு வந்து அம்முறைகளைக் கண்டிச் சீமைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து மன்னார்க் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் கதையை நாம் அறிவோம். ஜமேய்க்காவுக்கும் 1845 முதல் இந்தியக் கூலியாட்கள் ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு தீவில் உடைந்த விலங்கின் இரும்பை உருக்கி, வேறு தீவுகளுக்கு வேறு பெயரில் தளை செய்தனர். ஷார்ப்பின் வரலாறு நம் மலைநாட்டு வரலாற்றின் முன்னுரைகளுள் ஒன்று என்று கூறுவது மிகையாகாது.

ஷார்ப்பின் பணி ஜமேய்க்காவிலும் முற்றுப்பெறவில்லை. முழு விடுதலை கிட்டி இருபத்தேழாண்டுகள் கழிந்தபின், 1865 ஒக்டோபரில், நிலமின்மையும் நீதியின்மையும் பொறுக்காத மொரண்ட் பே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய போல் போகிளும் சுதேச பப்திஸ்த சபையின் டீக்கனே. தேசாதிபதி எயரின் படை 400க்கு மேற்பட்டோரைக் கொன்று, ஏறத்தாழ 1,000 வீடுகளை எரித்தது, போகிள் தூக்கிலிடப்பட்டார். முப்பத்துமூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே பதவியை வகித்த இருவர் ஒரே முடிவை எய்தியது தற்செயலன்று. எழுத்தறிவு, மக்கள் நம்பிக்கை, கூட்டம் நடத்தும் பயிற்சி ஆகிய மூன்றும் ஏழை மக்களுக்கு ஒருங்கே கிடைக்கக்கூடிய இடமாக அங்கு அப்பதவியே இருந்தது.

சமயத்தைப் பற்றி நம்மிடையே இரு எளிய முடிவுகள் உலவுகின்றன. விசுவாசம் மனிதரை நல்லவராக்கும் என்பது ஒன்று. விசுவாசம் மனிதரை மயக்கும் என்பது மற்றொன்று. சமயத்தை அபினியோடு ஒப்பிட்ட மார்க்ஸ், அது துயரத்தின் வெளிப்பாடு மட்டுமன்றித் துயரத்துக்கெதிரான மறுப்புமாகும் என்று அதே இடத்தில் கூறியதை நம் நண்பர் பலர் மறந்துவிடுகின்றனர். பிரிட்ஜஸ் குருவின் விசுவாசமும் ஷார்ப் டீக்கனின் விசுவாசமும் ஒரே நூலிலிருந்து பிறந்தவை. ஒன்று உடைமையைக் காத்தது; மற்றது உடைமையாக்கப்பட்ட மனிதரைக் காத்தது. ஷார்ப் தம் நம்பிக்கையைத் துறந்து போராளியானவர் அல்லர். அதனை இறுதிவரை மெய்யென்று கொண்டமையாலேயே போராளியானவர். அவரைச் சமயப் பெரியாராக மட்டும் போற்றுவோரும், அவருடைய சமயத்தை ஒதுக்கிவிட்டுப் புரட்சியாளராக மட்டும் காண்போரும் ஒரே மனிதரை இரு கூறாக்குகின்றனர்.

1975இல் ஜமேய்க்கா ஷார்ப்பைத் தன் தேசிய வீரர்களுள் ஒருவராக அறிவித்தது. அவர் தூக்கிலிடப்பட்ட வெளி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்நாட்டுப் பிள்ளைகள் அவரை அறிவர். நாமும் நம் மாணவர்க்கு வில்பர்போர்ஸைக் கற்பிக்கும் பாடவேளையிலேயே ஷார்ப்பையும் கற்பித்தல் வேண்டும். அத்துடன் நின்றுவிடாது, நம் ஊர்க் கோயிலிலும் தேவாலயத்திலும் தோட்ட லயத்திலும் எளிய பதவி வகித்து, பிறருக்கு எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டி, கூடிப் பேசப் பழக்கிய பெயரறியாத உதவிக்காரர்களைத் தேடிக் கண்டு எழுதுமாறு மாணவர்களைத் தூண்டுதல் வேண்டும். மேலிருந்து வழங்கப்பட்டதாக நாம் படித்துவரும் உரிமைகளுள் எத்தனை கீழிருந்து கேட்டுப் பெறப்பட்டவை என்பது அப்போதுதான் புலப்படும்.